“நீ உட்காரம்மா!”

செம்பருத்திப் பூவை அறுத்துப் பார்க்காமல் தமிழ்நாட்டில் ஸயன்ஸ் படித்து முடித்த பிள்ளை அநேகமாக இருக்க முடியாது. பெரிய பூ, உறுப்புகள் எல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல் வெளியே தெரியும், காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கென்றே பிரம்மதேவன் படைத்த பூ என்று நாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. முதல் நாளே, “நாளைக்கு யார் வீட்டிலிருந்து பூ வரும்?” என்று கேட்டு வைத்தோம். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், “எங்கள் வீட்டில் நிறையப் பூக்கிறது, ஸார்! நான் கொண்டு வருகிறேன்” என்றாள். அவள் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவள். மறுநாள் காலையில் ஒரு கூடை நிறையப் பூவுடன், தம்பியின் தோளைப் பிடித்துக் கொண்டு வந்து சேர்ந்தாள்.

பூவை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். பிளேடுகளைக் கொடுத்தோம். பூதக் கண்ணாடிகளை நாலு பேருக்கு ஒன்றாகப் பங்கிட்டோம். அந்தப் பெண்ணின் முறை வந்தபோது ஒரு கணம் தயங்கினோம். கூரான பிளேடு, பார்வை இல்லாத குழந்தை. மிகுந்த அன்புடன் (உண்மையான அன்புதான், அதில் சந்தேகம் வேண்டாம்) “நீ உட்காரம்மா! அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்; நீ கேட்டுக் கொள்” என்றோம். அவள் உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷ நேரம், தான் பறித்து வந்த பூக்களை மற்றவர்கள் பிரித்துப் பார்த்துக் கொண்டிருக்க, கைகளை மடிமேல் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். அவள் மட்டும் பெஞ்சுகளைத் தடவிக் கொண்டே நம்முடைய மேஜையருகில் வந்து நின்றாள்.

“ஸார், ஒரு சந்தேகம். பூவுக்கு நடுவிலே ஒரு நீளக் குச்சி வெளியே நீட்டிக் கொண்டிருக்கிறதே, அதன் நுனியில் வெல்வெட்டுப் பொத்தான் மாதிரி சின்னச் சின்னதாக ஐந்து இருக்கிறது. எந்தப் பூவை எடுத்தாலும் ஐந்துதான். அதற்கு என்ன பெயர், ஸார்?”

விடியற்காலையில் பூப் பறிக்கும்போது விரலால் தடவி எண்ணிப் பார்த்தாளாம்.

அதற்குச் சூல்முடி என்று பெயர். பெயரைச் சொல்லி அனுப்பினோம். பிறகு வெகு நேரம் அந்தக் காலி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். பிளேடும் பூதக் கண்ணாடியும் வைத்துக் கொண்டிருந்த மற்ற நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட அந்த ஐந்தை எண்ணவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டுமானால், பத்தொன்பது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்தி வந்த நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. புத்தகத்தில் போட்டிருந்ததை ஒப்பித்து வந்தோம், அவ்வளவுதான்.

* * *

கையால் செய்து கற்பது என்பது நமக்கு நேற்று வந்த விஷயமல்ல. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்திஜி எடுத்துச் சொன்னதே அதுதான். குழந்தையின் கைக்கு ஒரு தொழிலைக் கொடுத்து, அதன் வழியாகக் கணக்கையும் மற்றக் கலைகளையும் புகட்ட வேண்டும் என்றார். பிற்காலத்தில், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய ‘செயல்வழிக் கற்றல்’ தமிழ்நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் பரவிற்று. “எல்லாக் குழந்தைகளும் தாமே செய்து பார்த்துக் கற்க வேண்டும்” என்பதை மறுத்துப் பேசும் உபாத்தியாயர் இன்று எவரும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ‘எல்லா’ என்ற முதற் சொல்லை மட்டும் நாம் அவசர அவசரமாக வாசித்துக் கொண்டு போய்விடுகிறோம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயது வரைக்கும் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரையில் அக்கம்பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வாசற்படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டியாகிவிட்டது. சட்டம் குழந்தையை வகுப்புக்குள் கொண்டு வந்து விட்டுவிட்டது என்றே சொல்லலாம். வகுப்புப் பெஞ்சியிலிருந்து சோதனை மேஜை வரைக்கும் பத்தடி தூரம் பாக்கி இருக்கிறது. அந்தப் பத்தடியை எந்தச் சட்டமும் கடந்துவிட முடியாது. உபாத்தியாயர்தான் கடத்திவிட வேண்டும்.

அங்கேதான் ‘சலுகை’ என்னும் இனிப்பான சொல் வந்து குறுக்கே நிற்கிறது. செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக எழுத்து வினா கொடுத்துவிடும் வழக்கம் பரீட்சை வாரியங்களில் உண்டு. நல்லெண்ணத்துடன் செய்த ஏற்பாடுதான். சில குழந்தைகளுக்கு அது இன்றியமையாததாகவும் இருக்கலாம். ஆனால் பரீட்சையில் செய்ய வேண்டியதில்லை என்று ஆனதும், வருஷம் முழுவதும் செய்ய வேண்டியதில்லை என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். கடைசியில், “இந்தக் குழந்தைக்கு ஸயன்ஸ் வராது, வேறு பிரிவு எடுத்துக் கொள்ளட்டும்” என்று யோசனை சொல்வதும் நாமேதான்.

* * *

செம்பருத்தி வகுப்பு நடந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, நமக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு கணக்கு உபாத்தியாயரைத் தேடிப் போனோம். கண்பார்வையற்றோர் பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கும் பார்வை கிடையாது. நாம் போனபோது அந்தி மயங்கிவிட்டது. “விளக்கைப் போட்டுக் கொள்ளுங்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் ஒன்றும் ஓடாதே!” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் தம் அலமாரியிலிருந்து டெய்லர் சட்டம் என்ற கணக்குப் பலகையை எடுத்து நம் மடியில் வைத்தார். பலகை நிறைய எட்டு மூலை கொண்ட சிறு துளைகள். அவற்றில் சதுரமான சின்ன முளைகளைச் செருக வேண்டும். முளையின் ஒரு முனையில் ஒரு மேடான கோடு. மறு முனையில் இரண்டு புள்ளி. ஒரே முளையை எட்டுத் திக்கிலும் திருப்பி வைக்கலாம், தலைகீழாகவும் வைக்கலாம் என்பதால், பதினாறு குறிகள் கிடைக்கின்றன. இலக்கங்கள் பத்து போகக் கூட்டல், கழித்தல் முதலிய அடையாளங்களுக்கும் இடம் இருக்கிறது. அவர் விரல்கள் அதில் ஒரு பெரிய பெருக்கலைப் போட்டு முடித்த வேகத்தைப் பார்த்து நாம் வாயடைத்துப் போனோம்.

நம் செம்பருத்திக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தைகள் இன்றைக்கும் நம் காதில் ஒலிக்கின்றன. “நீங்கள் நடத்துகிற ஒவ்வொரு சோதனையிலும் கடைசியாக இயற்கை ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதில் கண்ணுக்கு மட்டும் எட்டும்படி நீங்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்கள். அது உங்களுடைய ஏற்பாடு, இயற்கையின் ஏற்பாடல்ல. பல்பு எரிந்தால் மின்சாரம் ஓடுகிறது என்கிறீர்கள். பல்புக்குப் பதிலாக ஒரு மணி அடித்தால் அதே மின்சாரம் ஓடவில்லை என்று ஆகிவிடுமா?”

அடுத்த வாரமே கடைத்தெருவில் போய் மூன்று வோல்ட் ‘பஸ்ஸர்’ பத்து வாங்கினோம். ஒரு சினிமா டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடவில்லை. இரண்டு பாட்டரி, ஒரு பல்பு, அதற்குப் பக்க இணைப்பாக ஒரு பஸ்ஸர். சுற்று மூடியதும் விளக்கும் எரியும், ஒலியும் கேட்கும். பார்வை இல்லாதவர்களுக்குத் தனியாக ஒன்று, காது கேளாதவர்களுக்குத் தனியாக ஒன்று என்று வைக்காமல், எல்லா மேஜைக்கும் இந்த இரட்டைச் சுற்றையே கொடுத்தோம். முதல் நாளே ஒரு கலகம் மூண்டது. ஒரு மேஜையில் விளக்கு எரிகிறது. பஸ்ஸர் ஊமையாக இருக்கிறது. “எரிகிறது!” என்கிறார்கள் பார்வை உள்ளவர்கள், “கேட்கவில்லை, எரியவில்லை” என்கிறாள் நம் பெண். காரணம் வேறொன்றுமில்லை, பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சம்மதம். பஸ்ஸருக்குச் சிவப்புக் கம்பி நேர்மின் முனையில்தான் சேர வேண்டும். மின்னோட்டத்துக்குத் திசை உண்டு என்பதை நாம் அதற்கு முன் எத்தனையோ தடவை கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறோம். அந்த வருஷத்துப் பிள்ளைகளைப் போல் வேறு எந்த வருஷத்துப் பிள்ளைகளும் அதை நம்பியதில்லை.

அமிலம், காரம் என்ற பாடத்துக்கு வந்தபோது நாம் சற்றுத் திகைத்தோம். லிட்மஸ் சிவப்பாகிறது, நீலமாகிறது. மஞ்சள் கறை செம்பழுப்பாகிறது. எல்லாம் நிற விஷயம். ஆனால் விடை நம் சமையலறையில் இருந்தது. மத்திய அரசின் பத்தாம் வகுப்பு ஸயன்ஸ் புத்தகத்திலும் அது இருக்கிறது. நாம்தான் பொருட்படுத்தாமல் தாண்டிப் போயிருந்தோம். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சுத்தமான துணிக் கீற்றுகளுடன் ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, ராத்திரி முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். காலையில் துணியெல்லாம் வெங்காய நெடி வீசும். ஒரு கீற்றில் நீர்த்த அமிலம் சில சொட்டும், இன்னொன்றில் நீர்த்த காரம் சில சொட்டும் விட்டு, இரண்டையும் தண்ணீரில் அலசிவிட்டு முகர்ந்து பார்த்தால், அமிலம் பட்ட துணியில் நெடி அப்படியே இருக்கும். காரம் பட்ட துணியில் நெடி போய்விடும். மூக்கு போதும். (அலசாமல் முகரக் கூடாது, இதை வகுப்பில் மூன்று தடவை சொல்லுவோம்.)

அளவு பார்ப்பதற்கு ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சு வாங்கி, அதன் தண்டில் ஐந்து மில்லிக்கு ஒன்றாக பிளேடால் சிறு வெட்டுகள் போட்டு வைத்தோம். இழுத்துக் கொண்டு வரும்போது நகம் வெட்டில் தட்டுப்படும், எண்ணிக் கொள்ளலாம். கண்ணாடி அளவு ஜாடியில் தண்ணீர் மட்டத்தைத் தலை சாய்த்துப் பார்த்துக் கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளும் மெல்ல மெல்லச் சிரிஞ்சுக்கே வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் செம்பருத்திப் பூ வந்தபோது பிளேடுகளை எடுக்கவே இல்லை. பூவைப் பிரிக்க நகமே போதும். விரலை அறுத்துக் கொண்டு அழுத பிள்ளையும் அந்த வருஷம் இல்லை.

* * *

இதெல்லாம் நாம் ஏதோ கை தேர்ந்துவிட்டது போல் தோன்றலாம். ஆகையால் தேசப் படக் கதையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பூகோளம் நடத்தும் நண்பர் ஒருவரும் நாமுமாகச் சேர்ந்து, தடவிப் பார்க்கும் இந்தியப் படம் ஒன்று செய்யப் புறப்பட்டோம். கெட்டி அட்டையில் எல்லைக்குச் சணல், மலைக்கு மணல், நதிக்கு நூல், தலைநகரங்களுக்குக் கேழ்வரகு. இரண்டு ராத்திரி கண் விழித்துக் கோந்தில் ஒட்டினோம். கங்கை, யமுனை, கோதாவரி, கிருஷ்ணா, காவேரி என்று தொடங்கிய உற்சாகத்தில், உபநதிகள் எதையும் விட மனம் வரவில்லை. பார்ப்பதற்கு வெகு அழகாக இருந்தது. அந்தப் பெண்ணின் முன் வைத்தோம். அவள் இரண்டு கைகளாலும் வெகு நேரம் தடவினாள். மரியாதைக்காகச் சற்று யோசித்தாள். பிறகு, “ஸார், நூல்கண்டு சிக்கிக் கொண்டிருக்கிறது போல் இருக்கிறது” என்றாள்.

பிழை நம்முடையது. கண் பிரித்துப் பார்ப்பதை எல்லாம் விரல் பிரித்துப் பார்க்காது. பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பது சும்மா இல்லை. நாமோ அந்த இடைவெளியில் இரண்டு நதிகளை ஓட விட்டிருந்தோம். பிறகு நாலு அட்டை செய்தோம். ஒன்றில் எல்லை மட்டும், ஒன்றில் மலை மட்டும், ஒன்றில் பெரிய நதிகள் ஆறு மட்டும், ஒன்றில் நகரங்கள். அழகு போயிற்று, படம் புரிந்தது.

இந்தச் சமயத்தில் காது கேளாத ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு நாம் ஒரு குறையும் வைக்கவில்லை என்றே எண்ணியிருந்தோம். முதல் பெஞ்சு, எதிரே சோதனைச் சாமான்கள், கண்கள் நன்றாக இருக்கின்றன, இன்னும் என்ன வேண்டும்? ஒரு நாள் நாம் மற்ற வகுப்புகளுக்கு நடத்துவதைப் போலவே, “இப்போது இந்தக் குழாயில் இதை ஊற்றுங்கள், என்ன ஆகிறது பாருங்கள், அதற்குக் காரணம் என்னவென்றால்...” என்று பேசிக் கொண்டே போனோம். அவன் குழாயைப் பார்ப்பதா, நம் உதடுகளைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் குழாயைக் கீழே வைத்துவிட்டான். காது உள்ளவன் கண்ணால் ஒன்றையும் காதால் ஒன்றையும் ஒரே சமயத்தில் வாங்கிக் கொள்ளலாம். கண்ணையே காதாகவும் வைத்துக் கொண்டிருப்பவனுக்கு ஒரு சமயத்தில் ஒன்றுதான். இத்தனை எளிய விஷயம் இருபது வருஷ அநுபவமுள்ள உபாத்தியாயருக்குத் தோன்றவில்லை! போதாததற்குப் பாதி நேரம் நாம் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, கரும்பலகைக்கே பாடம் நடத்திக் கொண்டிருந்தோம்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக் கொண்டோம். முதலில் முகத்தைக் காட்டிப் பேசுவது. பிறகு வாயை மூடிக் கொள்வது. பிள்ளைகள் செய்து முடித்துக் கையைத் தூக்கின பிறகு மறுபடியும் பேசுவது. வாயை மூடிக் கொள்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் அப்போது உண்டான நிசப்தத்தில் பிள்ளைகள் முதல் தடவையாகச் சோதனையைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறோம். அதற்கு முன் நம்மைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்களைக் கண்டுபிடிப்பதே அரிது. ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. பி.எச். தாளின் மஞ்சளையும் பச்சையையும் மாற்றி மாற்றி எழுதும் பையனைக் கவனக்குறைவு என்று திட்டி அனுப்பிவிடுகிறோம். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்ட்டனுக்கே சிவப்பும் பச்சையும் பிரியாது. 1794-ல் அதைப் பற்றி அவரே ஒரு கட்டுரை வாசித்தார். தாம் இறந்த பிறகு தம் கண்களைச் சோதித்துப் பார்க்கும்படியும் சொல்லி வைத்தார். பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கண்களிலிருந்து 1995-ல் மரபணுவை எடுத்து ஆராய்ந்து, குறை இன்னதென்று உறுதி செய்தார்கள். நம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தால் டால்ட்டன் ரஸாயனத்தில் தேறியிருப்பாரோ என்னவோ!

* * *

உள்ளதில் கடினமான பாடத்தை நமக்குக் கற்பித்தவன் மூளை முடக்கு வாதத்தால் கைகள் நடுங்கும் ஒரு சிறுவன். சக்கர நாற்காலியில் வருவான். சோதனைச் சாலை மேஜை மூன்றடி உயரம். அதன் விளிம்பு அவன் மோவாய்க்கு வந்தது. இதைச் சரி செய்வது சுலபம். மத்தியானச் சாப்பாட்டு மேஜை இரண்டரை அடி உயரந்தான், அதை இழுத்துக் கொண்டு வந்து போட்டோம். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத் துணி. குழாய்களை நிறுத்தி வைக்கத் துளை போட்ட மரக்கட்டை. பென்சிலைப் பிடிக்க வாகாக அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூப். சாமான்கள் எல்லாம் சரியாகிவிட்டன. துணைக்கு ஒரு கெட்டிக்காரப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

அங்கேதான் கோளாறு. துணைப் பையன் தங்கமானவன். நண்பனுக்காகக் கம்பியை எடுத்தான், செருகினான், முறுக்கினான், விளக்கை எரிய வைத்துவிட்டு, “ஆயிற்று, ஸார்!” என்றான். நடுங்கும் கைக்காரன் பக்கத்தில் சிரித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். செம்பருத்தி நாளில் நாம் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று நாம் நாற்பது நிமிஷம் உட்கார வைத்தோம். இன்று நண்பன் உட்கார வைத்தான்.

அப்புறம் ஒரு கட்டளை போட்டோம். “நீ கை, அவன் தலை. அவன் சொல்லாததை நீ செய்யாதே. அவன் சொன்னது தவறாக இருந்தாலும் அதையே செய்.” துணைப் பையனுக்கு இது மகா சித்திரவதையாக இருந்தது. “அந்தக் கம்பியை இங்கே வை” என்று இவன் தட்டுத் தடுமாறிச் சொல்வதற்குள் அவன் நாலு தடவை நம்மைப் பார்ப்பான். சொன்ன இடத்தில் வைத்தான். விளக்கு எரியவில்லை. பஸ்ஸரும் பேசவில்லை. வகுப்பே எட்டிப் பார்த்தது. நாமும் வாயைத் திறக்கவில்லை. பையன் நெற்றியைச் சுருக்கிக் கொண்டு நெடுநேரம் அந்தச் சுற்றையே பார்த்தான். “இந்தப் பாட்டரியைத் திருப்பிப் போடு” என்றான். எரிந்தது, கூவிற்று. தவறு செய்து, அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பாக்கியம் அவனுக்கு ஏழு வருஷப் பள்ளிப் படிப்பில் அன்றுதான் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கு நாம் அதைத் தினந்தோறும் கொடுத்துக் கொண்டிருக்கிறோம். பல நாள், பிரம்படியைப் போல் அதற்காக அவர்களைத் திட்டியும் வந்திருக்கிறோம்.

நிற்க. “இவ்வளவும் செய்தால் பாடங்கள் முடியுமா?” என்று தலைமை ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது என்பதுதான் பதில். பன்னிரண்டு சோதனை செய்த இடத்தில் எட்டுச் செய்தோம். எட்டையும் எல்லாரும் செய்தார்கள். பன்னிரண்டையும் முன்பு எத்தனை பேர் செய்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்டிருக்கலாம். உத்தியோக மரியாதைக்காகக் கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. விசேஷ சாமான்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்து, கணக்குப் புத்தகத்தில் ஏறி, பீரோவில் பூட்டப்பட்டிருப்பது நம்மைப் போன்ற பல உபாத்தியாயர்கள் அறிந்த கதை. எடுத்து உபயோகித்தால் தேய்ந்து போகும். தேய்ந்தால் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும் விரலுக்கும் காதுக்கும் கொண்டு வந்துவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. நுண்நோக்கியில் தெரியும் வெங்காயச் சவ்வின் அறைகளுக்குக் களிமண்ணில் ஓர் உருவம் செய்து கொடுத்தோம். அவள் தடவிப் பார்த்தாள், புரிந்து கொண்டாள். ஆனால் அது பொம்மை, அறை அல்ல. செம்பருத்தியைத் தொட்டதும் இதைத் தொட்டதும் ஒன்றாகாது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆனாலும் தொடுதல் எதுவரைக்கும் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஹாலந்து தேசத்தில் 1946-ல் பிறந்த கீராட் வெர்மை, மூன்று வயதில் பார்வையை முழுவதும் இழந்தவர். குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடியேறிய பின், தொடக்கப் பள்ளியில் உபாத்தியாயினி ஒருவர் புளோரிடாக் கடற்கரையிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த சங்குகளை அவர் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். அன்று பற்றிய ஆசை அவரை விடவில்லை. யேல் சர்வகலாசாலையில் மேற்படிப்புக்குப் போனபோது, பார்வை இல்லாதவரால் முடியுமா என்று ஐயப்பட்டவர் அவரைக் காட்சிசாலைக்கு அழைத்துப் போய்ச் சங்கைக் கையில் கொடுத்துப் பார்த்தார். அவர் அதன் இனத்தைச் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பேராசிரியரானார். நண்டு உடைக்க முயன்று தோற்ற சங்கில், உடைந்த இடம் மறுபடி வளர்ந்து கூடிய தழும்பு இருக்கும். அப்படிப்பட்ட தழும்புகளை விரலால் படித்துத்தான், வேட்டையாடும் பிராணிக்கும் சங்குக்கும் யுக யுகமாக நடந்து வந்த போட்டியின் சரித்திரத்தை அவர் எழுதினார். அந்த உபாத்தியாயினி, “நீ உட்காரப்பா!” என்று சொல்லியிருந்தால்? நமக்கு அந்த எண்ணம் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

இதைப் படிக்கும் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் தாயார் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, “அவளை விட்டுவிடுங்கள், ஸார்! வீட்டில் நாங்கள் அடுப்புப் பக்கமே விடுவதில்லை, கத்தியைத் தொடவிடுவதில்லை. இங்கே அமிலம், நெருப்பு என்கிறீர்களே!” என்று கண் கலங்கினார். அவர் பயம் பொய்யல்ல. திறந்த சுடருக்குப் பதிலாக பிளாஸ்க் வெந்நீர் வைத்திருக்கிறோம், அமிலத்தை நன்றாக நீர்த்து வைத்திருக்கிறோம், எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடிக் கவசம் உண்டு என்று காட்டினோம். அவர் அரை மனதாகத்தான் போனார். ஆனால் போகும்போது, “வெங்காயம் நறுக்க வேண்டுமென்று சொன்னீர்களாமே, அதை யார் நறுக்குவது?” என்று கேட்டார். “அவளே நறுக்கட்டும், அம்மா, நீங்கள் பக்கத்தில் இருங்கள்” என்றோம்.

* * *

மூன்று வருஷம் கழிந்தது. பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சை வந்தது. வேறு பள்ளியிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார், நல்ல மனிதர். கொடுக்கப்பட்ட கரைசல் அமிலமா, காரமா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெண் கையில் ஒரு தகர டப்பாவுடன் மேஜைக்கு வந்தாள். பரீட்சகர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகம் இளகிற்று.

“நீ உட்காரம்மா! வாய்மொழியாக இரண்டு கேள்வி கேட்கிறேன், அது போதும்” என்றார்.

“உட்கார்ந்துதான் ஸார் செய்யப் போகிறேன்” என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொண்டு டப்பாவைத் திறந்தாள். முதல் நாள் ராத்திரி அவளே நறுக்கிய வெங்காயத்தின் நெடி சோதனைச் சாலை முழுவதும் பரவிற்று.

பரீட்சகர் திடுக்கிட்டு நம்மைப் பார்த்தார். நாம் விவரத்தைச் சொன்னோம். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். வெங்காயம் கூடும் என்றும் அதில் இல்லை. கூடாது என்றும் இல்லை. “சரி, செய்யட்டும்” என்றார்.

அவள் சிரிஞ்சுத் தண்டை நகத்தால் எண்ணி இழுத்தாள். துணியில் விட்டாள். தண்ணீரில் அலசினாள். முகர்ந்தாள். டப்பாவிலிருந்து இன்னொரு துணியை எடுத்து அதையும் முகர்ந்து ஒத்துப் பார்த்தாள்.

“காரம், ஸார்.”

பரீட்சகர் அந்தக் கரைசலில் சிறிது எடுத்து, தாமே ஒரு சொட்டு ஃபினாப்தலீன் விட்டார். இளஞ்சிவப்பாயிற்று. அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, மெல்லக் கையை நீட்டி அவளிடமிருந்து இரண்டு துணிகளையும் வாங்கினார். முதலில் ஒன்றை மூக்கருகில் கொண்டு போனார். பிறகு மற்றொன்றை. மறுபடியும் முதல் துணி. அவர் அப்படி முகர்ந்து கொண்டிருக்கும்போதே, அடுத்த சோதனைக் குழாயை வாங்கிக் கொள்வதற்காக அவள் கையை நீட்டிவிட்டாள்.